கேரவன் உள்விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி வீடுகளில் படப்பிடிப்பு நடக்கும் நாட்களில் தெருமுனையில் கேரவன் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தைப்பூசம் நெருங்கினால் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்களோடு பாயும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு வேன்கள் போகும். சொந்த வேனில் படுக்கை போட்டுக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்று வகை வண்டிக்கும் காரைக்குடியில் வயரிங் வேலை பார்க்கிறேன். உள்ளே இருக்கும் பழைய பல்புகளைக் கழற்றி எல்.இ.டி. போடுவதைப் பற்றிக் கடைக்கு வருகிறவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பழைய பல்பு நன்றாகத்தானே எரிகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?

பேட்டரிக்காக. வண்டிக்குள் 10 வாட் ஹாலஜன் எட்டு இருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 80 வாட். 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 6.7 ஆம்பியர் இழுக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டு நள்ளிரவு வரை எரிந்தால் 40 ஆம்பியர்-மணி காலி. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால், விளக்கு மட்டுமே அன்றைய பங்கை ஏறக்குறைய முடித்துவிடுகிறது. ஃபேனுக்கும் மொபைல் சார்ஜருக்கும் மிச்சமில்லை. அதே எட்டு இடத்தில் ஒன்றரை வாட் எல்.இ.டி. போட்டால் 12 வாட், 1 ஆம்பியர். ஆறு மணி நேரத்துக்கு 6 ஆம்பியர்-மணிதான் செலவு.

இன்னொன்று சூடு. சித்திரை வெயிலில் நாள் முழுக்க நின்ற வண்டிக்குள் ராத்திரி ஏறிப் பாருங்கள், தகரக் கூரை அப்போதும் அனலடிக்கும். அதற்கு அடியில் எட்டு ஹாலஜன். பழைய வண்டிகளில் விளக்கின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் பல்பு இருந்த இடத்துக்கு நேராகப் பழுப்பாகக் கருகி, விரல் பட்டாலே பொரிந்து உதிரும். ப்ளைவுட் கூரைக்கும் அந்த மூடிக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளிதான் இருக்கும். அதைப் பார்த்த பிறகு யாரும் என்னிடம் "எதற்கு" என்று கேட்டதில்லை.

என் வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

பல்பு வாங்கப் போகும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது இது. டெம்போ டிராவலர் அளவு வேன்கள் 12 வோல்ட். லாரி, பஸ் சேசிஸில் கட்டிய பெரிய கேரவன்கள் பெரும்பாலும் 24. இரண்டு பேட்டரி இருந்தாலே 24 என்று முடிவு செய்யாதீர்கள். ஒன்றின் பிளஸ்ஸிலிருந்து அடுத்ததன் மைனஸுக்கு ஒயர் போனால் 24. பிளஸ்ஸும் பிளஸ்ஸும், மைனஸும் மைனஸும் சேர்ந்திருந்தால் 12. வண்டியின் இன்ஜினுக்கு 24 இருந்து, உள்ளே தனி பேட்டரியில் 12 ஓடும் கேரவன்களும் உண்டு. அதனால் விளக்கின் ஹோல்டரிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் சரி.

"12 வோல்ட்" என்று போட்ட எல்.இ.டி. வாங்கினேன், சில நாளிலேயே மினுக்கி மினுக்கிப் போய்விட்டது. ஏன்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். நானும் இதில் அடிபட்டுத்தான் கற்றேன்.

பல வருஷத்துக்கு முன்னால் பாதயாத்திரைக்குப் போகும் ஒரு வேனுக்கு உள்விளக்கு மாற்றிக் கொடுத்தேன். கடையில் பேட்டரியில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் பளிச்சென்று எரிந்தன. வேன் சிங்கம்புணரி தாண்டவில்லை, இரண்டு விளக்கு மினுக்க ஆரம்பித்தன. நத்தம் போய்ச் சேர்வதற்குள் பாதி அணைந்துவிட்டன. காலில் கொப்புளத்தோடு வந்தவர்களுக்கு அந்த ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் மருந்து போட்டதாக ஓட்டுநர் திரும்பி வந்து சொன்னார். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கழற்றி வந்த பல்புகளை மேசையில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே காட்சி: சின்ன ரெசிஸ்டர் ஒன்று, அதைச் சுற்றிப் பலகை கருத்திருந்தது.

காரணம் இதுதான். வண்டியில் 12 என்பது பெயரளவுக்குத்தான். நிறுத்தி வைத்த நல்ல பேட்டரியில் 12.6 அல்லது 12.7 இருக்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் அதை 14.4 வரைக்கும் ஏற்றும். விலை குறைந்த பல்பிலும் ஒட்டும் ஸ்ட்ரிப்பிலும் மூன்று எல்.இ.டி.யை வரிசையாகக் கோர்த்து, கரன்ட்டைக் குறைக்க ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். ஒரு வெள்ளை எல்.இ.டி. சுமார் 3 வோல்ட் எடுக்கும், மூன்றுக்கு 9. 12 வோல்ட்டில் மிச்சம் 3 வோல்ட் ரெசிஸ்டர் மேல் விழும். 14.4 வந்தால் ரெசிஸ்டர் மேல் விழுவது 5.4. வோல்ட்டேஜ் ஏறியது ஐந்தில் ஒரு பங்கு, கரன்ட் ஏறியதோ ஏறத்தாழ 1.8 மடங்கு. ரெசிஸ்டரில் கிளம்பும் சூடு மூன்று மடங்குக்கு மேல். ஓடுகிற வண்டியில் மணிக்கணக்காக அப்படி எரிந்தால் எந்த எல்.இ.டி.யும் தாங்காது. கடையில் இன்ஜின் ஓடாமல் சோதித்ததால் எனக்கு அது தெரியவில்லை.

இதற்குத் தீர்வு, உள்ளேயே டிரைவர் வைத்த பல்பு. வோல்ட்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் எல்.இ.டி.க்குப் போகும் கரன்ட்டை ஒரே அளவில் பிடித்து வைக்கும் சின்ன சர்க்யூட்தான் டிரைவர். அட்டையில் "10–30 வோல்ட்" என்பது போல ஒரு வீச்சைப் போட்டிருப்பார்கள். "12 வோல்ட்" என்று ஒற்றை எண் மட்டும் இருந்தால் வண்டிக்கு வாங்காதீர்கள்.

அட்டையில் போட்டிருப்பதை நம்பலாமா? சோதிக்க வழி உண்டா?

உண்டு. பல்போடு மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து வரிசையில் இணையுங்கள். இன்ஜின் நிற்கும்போது ஒரு அளவு, இன்ஜின் ஓடும்போது ஒரு அளவு எடுங்கள். டிரைவர் உள்ள பல்பில் வோல்ட்டேஜ் ஏறும்போது பல்பு இழுக்கும் கரன்ட் கொஞ்சம் இறங்கும், வெளிச்சம் மாறாது. ரெசிஸ்டர் பல்பில் கரன்ட் ஏறும், வெளிச்சமும் கூடும். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. மொத்தமாக வாங்கும் முன் ஒரே ஒரு பல்பு வாங்கி இதைச் செய்து பாருங்கள்.

எந்த வகை பல்பு என்று எப்படிச் சொல்லிக் கேட்பது?

பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போவது நல்லது. முடியாவிட்டால் இதைப் பாருங்கள்.

இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி வைத்த, மாத்திரை போன்ற நீளக் கண்ணாடிப் பல்பு என்றால் அது ஃபெஸ்டூன். கூரை விளக்கில் இதுதான் அதிகம். ஸ்கேல் வைத்து முனையிலிருந்து முனை வரை அளங்கள்: 31, 36, 39, 42 மில்லிமீட்டர் என்று வரும். மூன்று மில்லிமீட்டர் குறைந்தாலே கிளிப்பில் நிற்காது, மேடு பள்ளத்தில் விழுந்துவிடும்.

அடியில் இரண்டு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஹாலஜன் என்றால் ஜி4. எல்.இ.டி.யில் இது வட்டத் தகடாக வரும். கம்பி பின்பக்கம் இருக்கிறதா, பக்கவாட்டில் இருக்கிறதா என்று உங்கள் விளக்கைப் பார்த்து வாங்க வேண்டும்.

அழுத்தித் திருப்பும் பித்தளை அடிப்பல்பு என்றால் அடியில் ஈயப்பொட்டு ஒன்றா இரண்டா என்றும், பக்கத்து ஊசிகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அடிப்பாகம் இல்லாமல் கண்ணாடியே தட்டையாகச் செருகிக்கொள்வது டி10.

"கேன்பஸ்" என்று எழுதிய பல்பைக் கடைக்காரர் உயர்ந்தது என்று கொடுப்பார். பல்பு ஃபியூஸ் போனதைக் கண்டுபிடிக்கும் கார்களை ஏமாற்றுவதற்காக அதில் வேண்டுமென்றே ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்துக் கரன்ட்டைக் கூட இழுக்க வைத்திருப்பார்கள். கேரவன் உள்விளக்குக்கு அது வேண்டாத சூடு, வேண்டாத செலவு.

எத்தனை வாட் வாங்க வேண்டும்?

வாட்டைப் பார்க்காதீர்கள், வெளிச்சத்தின் அளவான லூமனைப் பாருங்கள். 5 வாட் ஃபெஸ்டூன் சுமார் 50 லூமன், 10 வாட் ஹாலஜன் சுமார் 130 லூமன் தரும். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் தருகிறது. வீட்டில் 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட் எல்.இ.டி. போட்டோமே, அதே கணக்கு.

கூடுதல் வெளிச்சம் நல்லதுதானே என்று 5 வாட் எல்.இ.டி. போடச் சொல்கிறவர்கள் உண்டு. ஆறடிக் கூரைக்குக் கீழே அது கண்ணைக் கூசும். மூடிய சின்னக் கூட்டுக்குள் அதன் சூடு வெளியேறவும் வழியில்லை. எல்.இ.டி.யின் முகம் சுடாது, முதுகு சுடும். முதுகுக்குக் காற்று இல்லாவிட்டால் ஆயுள் குறையும்.

வெள்ளை வெளிச்சமா, மஞ்சள் வெளிச்சமா?

படுக்கும் இடத்துக்கும் உட்காரும் இடத்துக்கும் மஞ்சள்தான். அட்டையில் 2,700 அல்லது 3,000 கெல்வின் என்று இருக்கும். 6,500 என்றால் நீலம் கலந்த வெள்ளை.

தேவகோட்டை ஆச்சி ஒருவர் தன் மகன் வேனில் 6,500 போட்டு முடித்ததும் ஏறிப் பார்த்தார். "என்ன தம்பி, ஆஸ்பத்திரியில உக்காந்த மாதிரி இருக்கு" என்று இறங்கிவிட்டார். அன்றைக்கே மாற்றினோம். முற்றத்து வெயில் பட்டாசாலைத் தூணில் பட்டு உள்ளே வரும் வெளிச்சத்திலும், சாயங்காலம் விளக்கேற்றிய வெளிச்சத்திலும் பழகிய கண்கள் அவருடையவை. எண்ணெய் விளக்குச் சுடரின் நிறம் 2,000 கெல்வினை ஒட்டியது. ராத்திரி நேரத்தில் நீல வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும் என்பதும் உண்மை. சமையல் மேடைக்கும் கழிவறைக்கும் 4,000 போடலாம். காய் நறுக்கும்போது பூச்சி தெரியும்.

ஒரே அறைக்குள் இரண்டு நிறம் கலக்காதீர்கள். எல்லாப் பல்பையும் ஒரே கடையில், ஒரே தடவையில் வாங்குங்கள். ஒரே எண் போட்டிருந்தாலும் வேறு கம்பெனி பல்பு பக்கத்தில் எரிந்தால் நிற வித்தியாசம் தெரியும்.

மேக்கப் கண்ணாடி விளக்குக்குத் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

கண்டிப்பாக. படப்பிடிப்புக் கேரவனில் நான் அதிக நேரம் செலவழிப்பது இந்த இடத்தில்தான். ஹாலஜன் வெளிச்சத்தில் எல்லா நிறமும் முழுமையாக இருக்கும். மட்டமான எல்.இ.டி.யில் சிவப்பு குறைந்திருக்கும். மேக்கப் போடுகிறவர் அந்த வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்து, சிவப்பு போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் பூசுவார். வெளியே வெயிலுக்கு வந்ததும் அது தூக்கலாகத் தெரியும்.

நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு உண்டு. முழு மதிப்பு 100. சாதாரண பல்புகள் 80 இருக்கும். கண்ணாடிக்கு 90க்கு மேல் வேண்டும்.

கருவி இல்லாமல் பார்க்க என் வழி: அரக்குச் சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை ஒன்றை விளக்குக்கு அடியில் விரித்துப் பார்ப்பேன். பிறகு அதையே வண்டிக் கதவுக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். உள்ளே அரக்கு மண்நிறமாகச் செத்துப்போய்த் தெரிந்தால் அந்தப் பல்பு கண்ணாடிக்கு ஆகாது. விளக்கைக் கண்ணாடிக்கு மேலே மட்டும் வைக்காமல் இரண்டு பக்கமும் வைத்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழாது.

பழைய குட்டி டியூப்லைட் இருக்கிறதே, அதை என்ன செய்வது?

8 வாட் டியூப் என்றால் உள்ளே 12 வோல்ட்டை உயர் வோல்ட்டேஜாக மாற்றும் சின்ன இன்வெர்ட்டர் பலகை இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, வரும் 12 வோல்ட்டை டிரைவரோடு கூடிய எல்.இ.டி. பட்டைக்கு நேராகக் கொடுங்கள். பலகையை விட்டு வைத்து, அதிலிருந்து டியூப்புக்குப் போகும் ஒயரில் எல்.இ.டி.யைச் சேர்த்தால் அந்த நொடியே போய்விடும். டியூப்பை உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.

ஜெனரேட்டர் போட்டால் மட்டும் எரியும் விளக்குகள்?

அவை 230 வோல்ட். வீட்டு எல்.இ.டி. பல்பையே போடலாம், வண்டிப் பல்பை மறந்தும் போடாதீர்கள். சில கேரவன்களில் 230ஐ டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 12 ஆக்கி ஹாலஜனுக்குக் கொடுத்திருப்பார்கள். அங்கே எல்.இ.டி. மாட்டினால் மினுக்கும். காரணம், ஹாலஜனுக்கான எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர்கள் வேலை செய்யக் குறைந்தபட்சம் இவ்வளவு வாட் லோடு வேண்டும் என்று இருக்கும். நான்கு எல்.இ.டி. சேர்ந்தாலும் அந்த அளவு வராது. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு 12 வோல்ட் டி.சி. எல்.இ.டி. சப்ளை வையுங்கள். 230 பக்கம் கை வைப்பதாக இருந்தால் ஜெனரேட்டரும் வெளிக்கரன்ட்டும் இன்வெர்ட்டரும் மூன்றுமே நின்றிருக்க வேண்டும். பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

12 வோல்ட் பல்பை நானே மாற்றலாமா?

தாராளமாக. விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிட்டு ஆறவிடுங்கள், ஹாலஜன் கையைச் சுட்டுவிடும். விளக்கு சர்க்யூட்டின் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். மூடியைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பும் முன் அந்த முனையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், பழைய பிளாஸ்டிக் நொறுங்கும். ஃபெஸ்டூனை எடுக்கும்போது கண்ணாடியைப் பிடித்து இழுக்காமல் ஒரு பக்கக் கிளிப்பை விரலால் வெளியே தள்ளினால் தானாகக் கையில் வரும்.

கிளிப்பில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். தளர்ந்திருந்தால் இடுக்கியால் கொஞ்சம் உள்ளே வளையுங்கள். நிறைய பேர் இந்த ஒரு வேலையை விட்டுவிட்டுப் புதுப் பல்பைக் குறை சொல்கிறார்கள்.

மாட்டினேன், எரியவில்லை.

திருப்பி மாட்டுங்கள். பழைய பல்புக்குப் பிளஸ், மைனஸ் எப்படி இருந்தாலும் ஒன்றுதான். பல எல்.இ.டி.களுக்கு ஒரு பக்கம்தான்.

அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது.

ஸ்விட்சில் சின்னதாக ஒரு விளக்கு இருக்கிறதா பாருங்கள். அதன் வழியாகக் கசியும் சொற்பக் கரன்ட் பழைய பல்புக்குப் போதாது, எல்.இ.டி.க்குப் போதும். ஸ்விட்சை மாற்றினால் சரியாகிவிடும். அப்படி விளக்கு இல்லாத ஸ்விட்ச் என்றால் ஈரம் இறங்கிய ஜாயின்ட் எங்கோ இருக்கிறது, ஒயரைத் தேட வேண்டும்.

விளக்கைப் போட்டால் எஃப்.எம்.மில் இரைச்சல் வருகிறது.

டிரைவர் சர்க்யூட் நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஆன், ஆஃப் ஆகி வேலை செய்வது. அதற்குரிய ஃபில்டரை வைக்காத பல்பு ரேடியோவைக் கெடுக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எந்தப் பல்பு என்று தெரிந்துவிடும். ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டினால் குறையும். முற்றிலும் போக வேண்டுமென்றால் வேறு பல்புதான்.

டிம்மர் வைக்கலாமா?

டிம்மருக்கு ஏற்றது என்று அட்டையில் போட்ட பல்புக்கு மட்டும் வைக்கலாம். மாட்டியதும் மொபைல் கேமராவை விளக்கை நோக்கிப் பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் நகர்ந்தால் விளக்கு வேகமாக மினுக்குகிறது என்று பொருள். உள்ளே உட்கார்ந்து வீடியோ எடுக்கிறவர்களுக்கு அது தொந்தரவு, சிலருக்குத் தலைவலியும் வரும்.

ஃபியூஸை மாற்ற வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் 10 ஆம்பியர் இருந்த இடத்தில் இப்போது மொத்த லோடே 1 ஆம்பியர்தான் என்றால் 3 ஆம்பியர் போட்டுவிடுவேன். ஒயர் எங்காவது உரசினால் அது சீக்கிரம் போய்க் காப்பாற்றும். பெரியதாக மட்டும் எப்போதும் மாற்றாதீர்கள்.

ஐப்பசி மழையில் ஈசல் மொய்க்குமே, எல்.இ.டி.க்கு வருமா?

வரும். ஆனால் மஞ்சள் வெளிச்சத்துக்கு நீல வெள்ளையைவிடக் குறைவாக வரும். கதவுக்குப் பக்கத்து விளக்குக்கு 2,700 போட இதுவும் ஒரு காரணம்.

எல்.இ.டி. போட்டால் பேட்டரி அதிக நாள் வருமா?

வரும். லெட்-ஆசிட் பேட்டரியை ஆழமாக இறக்கி, அப்படியே சில நாள் விட்டுவைத்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. விளக்குச் செலவு ஏறத்தாழ ஏழில் ஒன்றாகக் குறையும்போது பேட்டரி அந்த ஆழத்துக்கே போவதில்லை. பேட்டரி ஆராய்ச்சிக்கே பெயர் பெற்ற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) நம் ஊரில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுத்து 1953இல் திறந்தது. அந்த ஊர்க்காரர்கள் நாம் வருஷத்துக்கு ஒரு பேட்டரியைக் கொன்றுகொண்டிருப்பது எனக்கு வருத்தம். வண்டி சும்மா நின்றாலும் மாதம் ஒரு முறை முழு சார்ஜ் ஏற்றுங்கள். எல்.இ.டி. போட்டதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள்.

வெளி விளக்குகளையும் இதேபோல் மாற்றலாமா?

அது வேறு விஷயம். இண்டிகேட்டரில் எல்.இ.டி. போட்டால் லோடு குறைந்து ஃப்ளாஷர் வேகமாக அடிக்கும். ஹெட்லைட்டில் போட்டால் ஹாலஜனுக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில் ஒளி சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் குருடாக்கும். அதை நான் செய்து கொடுப்பதில்லை.

கழற்றிய பழைய பல்புகளைத் தூக்கிப் போடவா?

ஃபெஸ்டூனும் ஹாலஜனும் போகட்டும். 21 வாட் அழுத்துப் பல்பு ஒன்று கிடைத்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஹோல்டரில் மாட்டி, இரண்டு முழ ஒயரும் இரண்டு க்ளிப்பும் சேர்த்தால் அது டெஸ்ட் லாம்ப். மல்டிமீட்டர் 12 காட்டும், ஆனால் விளக்கு எரியாது என்று குழம்பும் இடத்தில் அதை வையுங்கள். கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுத்துப் பார்க்கும்போது அரித்துப்போன எர்த் ஜாயின்ட் தாங்காது, டெஸ்ட் லாம்ப் மங்கலாக எரியும். கோளாறு எந்த ஜாயின்ட்டில் என்று அங்கேயே பிடித்துவிடலாம்.